மங்கலாக விழுந்த கோடு

நேற்று சாயங்காலம் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் வயிற்றெரிச்சலுக்கான ரோஸ் கலர் சிரப்பை வாங்கி, மூடியைத் திருகி அங்கேயே ஒரு வாய் குடித்தார். அந்தப் புதினா வாசனை பட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

நம் ஆய்வுக்கூடத்தில் உன் மேஜை முழுக்க அந்த வாசனைதான். இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களின் திசுத் துண்டுகளை அரைத்து ஆர்.என்.ஏ. பிரிப்பது நம் இருவருடைய வேலை. இரும்புலியூரிலிருந்து உன் பழைய ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வருவாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் காலைத் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்துவாய். "பிரேக் எப்பவோ போச்சு மச்சான், பழகிடுச்சு" என்பாய். வயிற்று வலியையும் அப்படித்தான் பழக்கிக்கொண்டாய். டீ, பட்டினி, கெமிக்கல் நெடி என்று தினம் ஒரு காரணம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதை நம்பினோம். ஊருக்குத்தான் உபதேசம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி அப்போதுதான் எங்கும் பேச்சு. மிகவும் குட்டியானவை. அதுவரை அவற்றை உடைந்த குப்பை என்று நினைத்து, ஆர்.என்.ஏ.க்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லின் அடிவழியே ஓடவிட்டுத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தோம். அவற்றில் சில, செல்களைக் கண்டபடி பெருகவிடாமல் அடக்குகின்றன, இரைப்பைக் கட்டியில் அவை குறைந்துபோகின்றன என்று படித்த அன்று நீ சிரித்தாய். "இவ்ளோ நாளா பிரேக்கைத்தான் கழுவி ஊத்திக்கினு இருந்தோம்."

பிறகு உனக்கே இரைப்பையில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷன் நடந்தது. கட்டியிலிருந்து ஒரு துண்டும், பக்கத்து நல்ல சதையிலிருந்து ஒரு துண்டும் நம் ஆய்வுக்கு வரட்டும் என்று நீயே கையெழுத்துப் போட்டாய். எனக்கு இஷ்டமில்லை.

"வேற ஆளு வயித்தை அரைக்கும்போது யோசிக்காத நீ, இப்ப மட்டும் ஏன்டா?" என்றாய். அரைத்தேன்.

அந்தக் குட்டி ஆர்.என்.ஏ. கோடாகப் பதியும் எக்ஸ்ரே ஃபிலிமை நீதான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாய். நல்ல சதைக்குக் கோடு கறுப்பாக விழுந்திருந்தது. கட்டிக்கு, இருக்கிறதா இல்லையா என்னும்படி மங்கல். "சுத்தமா வந்திருக்கு, மீட்டிங் ஸ்லைடுல போட்டுக்கோ. ஆனா இது ஒண்ணு குறைஞ்சதாலதான் நோய் வந்துச்சுன்னு எழுதிடாத" என்றாய். அடுத்த ரம்ஜானுக்கு நீ இல்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது, உன் மேல்.

இப்போது நான் ஜெல் ஓட்டுவதில்லை, பாடம் நடத்துவதோடு சரி. படித்ததில் பாதி மறந்துவிட்டது. நேற்று அந்த மனிதர் மூடியை மூடும்போது கேட்டேன்.

"சார், எவ்ளோ நாளா இந்த எரிச்சல்?"

"அது இருக்குது சார், ரெண்டு வருசமா. பழகிடுச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அவர் வண்டி வரை கூடவே போய், குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கிறுக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பார்க்கட்டும்.