நூர் மாமிக்குக் கொடுத்த வாக்கும் நிறைந்துபோன டிஸ்க்கும்

மே 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து கச்சான் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் மணல்.

சுமையாவின் கலியாண வீடியோ கணினியில் வெட்டி ஒட்டி முடிந்தது. பாட்டும் சேர்த்தாயிற்று. முழுப் படமாக எடுக்கப் போட்டேன். பாதியில் நின்றது. திரையில் ஒரே வரி: டிஸ்க்கில் இடம் இல்லை.

வேண்டாத பாட்டு, பழைய படம், கொஞ்சம் அழித்தேன். திரும்பப் போட்டேன். திரும்பவும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பெண் மாப்பிள்ளையோடு கட்டார் போகிறாள். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும்.

பின்னேரம் எத்தாளையிலிருந்து பெண்ணின் உம்மா, நூர் மாமி, போன்.

"வேலை முடிஞ்சா மகள்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமி."

பொய் இல்லை. ஆனாலும் டிஸ்க் நிறைந்த கதையைச் சொல்லவில்லை.

மே 15, புதன்

ஃபாரிஸ் மிளகாய் மூட்டை ஏற்றப் போகிற அவசரத்தில், "இம்ரான் நானாட கம்ப்யூட்டர் கடையில குடு. அவர் பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருடம், எதற்கும் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி இம்ரான் நானாதான் இவருக்கு.

நானாவுக்குப் போன் எடுத்தேன். "மெஷினக் கொண்டு வாங்க தங்கச்சி. ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும். எல்லாத்தையும் திறந்து பார்த்து, வேண்டாதத அழிச்சுத் தாரேன்."

நல்ல மனிதர். ஆனால் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது, அதுதான் முடியாது. இது பெண்கள் பக்கத்து வீடியோ. தலையில் துணி இல்லாமல், கை தட்டிப் பாடி, ஆடி, ஒருவரை ஒருவர் கேலி பண்ணிச் சிரிக்கிற பெண்கள். கேமராவை எடுக்க முன்னமே நூர் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டா: "ஒரு ஆம்பிளைட கண்ணும் படப்படாது மகள்." ஓம் என்றேன். என்னைக் கூப்பிடுவதே அதற்காகத்தான். ஃபாரிஸுக்குக்கூட ஒரு துண்டும் காட்டியதில்லை.

மத்தியானம் அவரிடம் சொன்னேன், கடைக்குக் கொடுக்கவில்லை என்று.

"அப்ப எப்படித் திருத்துற?"

"தெரியா. பார்ப்போம்."

மே 16, வியாழன்

ரம்யாவுக்குப் போன். உடப்பு ஊர்க்காரி, கணினி வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். இப்போது கொழும்பில் வேலை. இந்த மெஷினில் லினக்ஸ் போட்டுத் தந்ததும் அவள்தான். பகல் சாப்பாட்டு நேரத்தை எனக்குத் தந்தாள்.

"டெர்மினலைத் திற."

கறுப்புத் திரை. எனக்குப் பயம் அதில்.

"டி எஃப், இடைவெளி, கோடு, எச்." அடித்தேன். நூறு வீதம் நிறைந்ததாம். "சரி. இப்ப எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடிச்சிருக்கு எண்டு பார்ப்பம். டி யூ. இடைவெளி. கோடு. எஸ் எச். இடைவெளி. நட்சத்திரம்."

du -sh *

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வீடியோ 190ஜி. படங்கள் 31ஜி. டவுன்லோட் 9ஜி. பாட்டு 4ஜி. பாண் ரொட்டி சுற்றி வந்த தாளில் கூட்டிப் பார்த்தேன். 234. டிஸ்க்கோ கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு.

"ரம்யா, கணக்கு இடிக்குதே. மிச்சம் எங்க?"

சிரித்தாள். "பிடிச்சிட்டியே! நட்சத்திரம் போட்டா, புள்ளியில தொடங்குற பெயர் ஒண்டும் அதில வராது. இப்ப இப்படி அடி."

du -h -d 1

வந்தது. .cache, 205ஜி! அதற்குள் போய்த் திரும்ப du. எடிட் பண்ணுகிற செயலி, வேலை சுருக்காக ஓட என்று தானே செய்து வைத்த சின்னப் பிரதிகள். இரண்டு வருடக் கலியாணம் எல்லாம் அங்கே.

"அழிச்சிரு. அசல் வேற இடத்தில பத்திரமா இருக்கு." அவளுக்கு மீட்டிங். வைத்துவிட்டாள்.

கை போகவில்லை. சுமையாவின் பிரதியும் அதற்குள்தானே? அது இல்லாமல் வீடியோ ஓடுமா என்று பார்க்க, அழிக்காமல் ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினேன். வீடியோவைத் திறந்தேன். பிரதியைக் காணவில்லை என்று முறைப்பாடு. பிறகு அசலை எடுத்துக்கொண்டு ஓடியது. மருதோன்றிக் கை, மச்சிமாரின் கூத்து, எல்லாம் அப்படியே. அதன் பிறகுதான் அழித்தேன். இது ரம்யா சொல்லித் தந்ததில்லை. என் யோசனை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

df. பாதி டிஸ்க் வெறுமை. கத்த வேண்டும் போலிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. கோழிகளிடம் சொன்னேன்.

மே 17, வெள்ளி

படம் முழுதாக வந்தது. கடைசியில் என் பெயரைப் போட்டேன். முதல் தடவை.

ஜும்ஆவுக்கு ஆண்கள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து எத்தாளைக்கு. நூர் மாமி கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினா. உள்ளே சொந்தக்காரப் பெண்கள், புழுக்கம், தின்ன வட்டிலப்பம்.

"மெஷின் பழுதாம் எண்டு கேள்விப்பட்டேன். கடைக்குக் குடுத்தியா?"

"இல்ல மாமி. நானே சரி பண்ணினேன்."

"நீயேவா?"

"ஓம்."

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்னால் இருத்தினா.

படம் ஓடியது. கழுத்தில் கருகமணி கட்டுகிற இடத்தில் சுமையா அழுதாள், பிறகு தன் அழுகையைப் பார்த்துத் தானே சிரித்தாள். கடைசியில் எழுத்து வந்தது. யாரோ உரக்க வாசித்தார்கள்: "படமும் தொகுப்பும், றிஸ்னா." ஒரு சிறுமி, "அது யாரு?"

நூர் மாமி என் தோளில் கை வைத்து, "இந்தா, இவதான். சொன்ன சொல்லக் காப்பாத்தின புள்ள."

குரவை போட்டார்கள். எனக்கு! முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மே 18, சனி

காற்று குறைவு. இரண்டாம் முறை துவைத்தது காய்ந்தது. ஃபாரிஸுக்கு லேசாகக் காய்ச்சல், கொத்தமல்லி அவித்தேன்.

பத்து மணிக்குத் தெரியாத நம்பர். மதுரங்குளியிலிருந்து ஒரு பெண். அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கலியாணமாம்.

"ராத்தா, மெஷினக் கடைக்குக் குடுக்காத றிஸ்னா நீங்கதானா?"

"ஓம்," என்றேன். "நான்தான்."