கூட வைத்த ஒரு பூ

மச்சான்,

இன்று காலை கண்டி மார்க்கெட்டில் பூக்காரம்மா மறுபடியும் அதையே செய்தார். ஏழு ரோஜா கேட்டேன். ஏழை எண்ணிக் கட்டிவிட்டு, எட்டாவதைச் சும்மா நடுவில் செருகினார். "ஐயோ, வேணாங்க, எடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மரக்கறிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சும்மா குடுக்குறத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா தம்பி? அந்த வெள்ளக்கார ஐயாவும் இப்படித்தான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த அம்மாவை நோகடிக்க மனம் வரவில்லை. "அப்ப இன்னொண்ணும் போடுங்க" என்றேன். ஒன்பது. வேனில் ஏறி மூன்று தடவை எண்ணினேன். ஒன்பதுதான்.

உங்கள் உக்ரைனில் உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள், இறந்தவருக்குத்தான் இரட்டைப்படை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே டாக்டருக்குப் படிக்கப் போன அக்கா உங்களைக் கட்டிக்கொண்டாள். சண்டை தொடங்கியதும் நாலு வயது மகளோடு மூன்று பேரும் இங்கே வந்து இறங்கினீர்கள். விமான நிலையத்தில் நான் பெருமையாக நீட்டிய கொத்தில் பத்துப் பூ. நீங்கள் எண்ணினீர்கள், ஒன்றை உருவி அக்காவின் தலையில் செருகினீர்கள். நானோ, என்ன ரொமான்ஸ் என்று நினைத்தேன்!

அக்காவுக்கு இரவு வேலை வந்ததால் மகளுக்குத் தலை பின்னுவது உங்கள் பொறுப்பானது. ஹேவாஹெட்டத் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் கழற்றிப் பூட்டும் கை. உட்காரும் கதிரையின் முதுகில் மூன்று கயிறு கட்டிப் பின்னிப் பழகினீர்கள். வகிடு கோணல் என்று டீச்சர் சொல்லியனுப்பியதும், மறுநாள் அடிமட்டம் வைத்து வகிடு எடுத்தீர்கள். "மெஷின் லேசு மச்சான். முடிதான் கஷ்டம்" என்பீர்கள். பத்து வருடம், ஒரு காலை தவறாமல் இரண்டு பின்னல், இரண்டு ரிப்பன். பிறந்த நாளன்று ஏழு ரோஜா. பூக்காரம்மா கூட வைப்பதை எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவீர்கள்.

நான்தான் எண்ணவில்லை.

நெஞ்சு வலி என்று உங்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்க வந்த அன்று ஐந்து ரோஜா கேட்டேன், கேட்டது சரியாகத்தான் கேட்டேன். பார்வையாளர் நேரம் முடிகிறதே என்று வாங்கிக்கொண்டு ஓடினேன். நீங்கள் கட்டிலில் சாய்ந்தபடி எண்ணினீர்கள், சிரித்தீர்கள், ஆறாவதை உருவி என் சட்டைப் பையில் போட்டீர்கள். "இது ஒங்களுக்கு மச்சான். இப்ப சரி." சாப்பாட்டுக் கூடையோடு பக்கத்தில் நின்ற உங்கள் மகள் சிரிக்கவில்லை. "எண்ணிப் பாக்கலியா மாமா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஐந்து மாதம். என் வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். முன் சீட்டில் ஏறுகிறவள் பின் சீட்டுக்குப் போய்விட்டாள். அடக்கத்தின்போது பெட்டியில் மூன்று பூ வைத்தாள். இன்னொன்று வை என்று அக்கா அவள் காதில் சொன்னாள். "மாட்டேன்" என்றாள். பிறகு கல்லறைப் பக்கமே வரவில்லை.

பூவால் இதயம் நிற்காது. அதை அக்கா எனக்கு டாக்டராகவும் சொன்னாள், அக்காவாகவும் சொன்னாள். தெரிகிறது மச்சான். ஆனாலும் வேனில் ஏறுகிற பிள்ளைகளை எண்ணுகிறேன், சீப்பில் வாழைப்பழத்தை எண்ணுகிறேன், வீட்டுப் படிகளை எண்ணுகிறேன். இரட்டைப்படை வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். சில நேரம் உங்கள் மேல் கோபம்கூட வருகிறது. இந்த வழக்கத்தை நீங்கள் எங்களுக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இன்று அவளுக்குப் பதினாலு. நீங்கள் இல்லாத முதல் பிறந்த நாள். வாசலில் நின்று தானே தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு பின்னல் முடிந்திருந்தது, மற்றது பாதியில். வகிடு கோணல். பூவை நீட்டினேன். அவள் உதடு அசைய எண்ணினாள். நான் கால் மாற்றிக் கால் நின்றேன். ஒன்பது வரை எண்ணினாள். பிறகு இரண்டை உருவினாள்.

"இது அப்பாவுக்கு. வண்டிய எடுங்க மாமா."

முன் சீட்டில் ஏறினாள்.

உங்கள் கல்லறையில் இரண்டு ரோஜாவையும் வைத்துவிட்டு நிறைய அழுதாள். நானும்தான் அழுதேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் தந்த ஆறாவது பூ இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. காய்ந்து கறுத்து, ஒரு கடதாசியில் சுற்றி. அன்று முதல் அதைத் தூக்கி எறியவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. இங்கேயே போட்டுவிடலாம் என்று வெளியே எடுத்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "போட்டுடாதீங்க மாமா. மூணாயிடும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி சொன்னாள். "அது அப்பா ஒங்களுக்குக் குடுத்தது. நான் பாத்தேன்."

திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன், மச்சான். தினமும் சட்டை மாற்றும்போது அதையும் எடுத்துப் புதுச் சட்டையில் வைக்கிறேன். நாளைக்கும் வைப்பேன்.