நான் எழுதிய தேதி

12.7.2004, திங்கள்
கோயில் நாள். சிறுவாச்சூர் முழுக்கக் கூட்டம். பால்வாடியைப் பூட்டிவிட்டு அவருடைய தையல் கடைக்குச் சோறு கொண்டுபோனேன். சுகன்யா சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வீராயியின் மகள்; பத்தாவதில் கணக்கில் போனதும் தொழில் பழக வந்தவள். தலை நிறைய மல்லிகைப்பூ. யார் வாங்கித் தந்தது? எனக்கு அவர் பூ வாங்கித் தந்து எத்தனை வருஷம்! வயிறு எரிகிறது.

20.7.2004
மினுக்கி. கேட்டால் அவர், "சின்னப்புள்ளையப் போயி சந்தேகப்படுறியே, வெக்கமா இல்ல?" என்கிறார். இல்லை. வெட்கமே இல்லை.

9.8.2004
போயிட்டாங்க. ரெண்டு பேரும். வீராயி வாசலில் நின்று அழுதாள். "ஒம் பொண்ணுதான்டி என் குடியக் கெடுத்தா" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

13.8.2004
அரியலூர் ரயிலடியில் பிடித்துவிட்டார்கள். "அவளும் இஷ்டப்பட்டுத்தானேங்க போனா?" என்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னை முறைத்தார். "பதினாறு முடியாத புள்ள சரின்னே சொன்னாலும் அது சம்மதமில்லம்மா. குத்தம் அவன் மேலதான்."

பள்ளிச் சான்றிதழில் 1.6.1988. பதினாறு முடிந்து இரண்டு மாதம். பெரிய கேஸ் நிற்காது என்று அவருடைய வக்கீல் சிரிக்கிறார்.

அந்தத் தேதி பொய். அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, ஐந்து முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்றதும், "ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்குங்க சார்" என்று சொன்னவளே நான்தான். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதானே பிறந்தநாள்!

15.8.2004
பால்வாடியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபின் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். வீராயி, பெண் குழந்தை, 14.11.1988, இரண்டு கிலோ நானூறு. பதினாறுக்கு இன்னும் மூன்று மாதம். தராசில் போட்டபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இவளோடா நான் போட்டி போட்டேன்?

20.8.2004
ஜெயிலில் அவரைப் பார்த்தேன். பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். "அத அடுப்புல போட்டுடு மலரு. இனிமே எனக்கு நீ மட்டுந்தான்." பத்து வருஷமாக மலரு என்று கூப்பிடாத மனுஷன்! இதைக் கேட்கத்தானே தவித்துக் கிடந்தேன். மனசு ஆடிப்போச்சு. அடுப்புப் பக்கம்கூடப் போனேன்.

23.8.2004
வீராயி வீட்டுக்குப் போனேன். சுகன்யா என்னைப் பார்த்ததும் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு மெதுவாக, "அவரு கூப்பிட்டாரு டீச்சர். வேணாம்னு சொல்லத் தெரியல. பயமா இருந்துச்சு" என்றாள். பால்வாடியில் கூப்பிட்ட அதே டீச்சர்.

24.8.2004
பதிவேட்டை இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

6.3.2006
பெரம்பலூர் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். கூண்டில் அவர் — இனிமேல் பெயரையே எழுதுகிறேன் — கொளஞ்சியப்பன். என்னைப் பார்க்கவில்லை.

அவனுடைய வக்கீல் கேட்டார்: "மலர்கொடி, அந்தப் பொண்ணு மேல ஒங்களுக்குப் பொறாமை. ஒங்க புருஷனப் பழிவாங்கத்தான் தேதிய மாத்தி எழுதுனீங்க?"

"பொறாமை இருந்துச்சுங்க. வயிறு எரிஞ்சு கெடந்தேன். ஆனா எம்பத்தெட்டுல இத எழுதுனப்ப எனக்குக் கல்யாணமே ஆகலீங்க."

ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். முன்னால் ஏறிய சுகன்யா பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு வைத்திருந்தாள். "டீச்சர், இங்க வாங்க" என்றாள்.