மேகமில்லாத இரவு

மைசூரு,
16 டிசம்பர் 2023

அன்புள்ள குழலிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மூன்றாவது வருஷமும் ஏமாற்றம்தான் போ. உன் சோளக்காட்டில் பாய் போட்டு விடிய விடிய பனியில் கிடந்ததற்கு ஒரு எரிகல்கூட விழவில்லை. மணிக்கு நூறு என்று பேப்பரில் போட்டவனைத்தான் கேட்கணும். உனக்காவது ஏதும் தெரிந்ததா?

அக்கா வினிதா

மார்டள்ளி,
24 டிசம்பர் 2023

அன்பு அக்காவுக்கு,

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரே மேகம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், மனசை விடாதே. உன் மகள் அஷ்வினிக்கு என் முத்தம்.

குழலி

மைசூரு,
9 நவம்பர் 2025

குழலி,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். போன வாரம் பொழுது சாய்கிற நேரம், மார்க்கெட் பக்கம் ஒரு தள்ளுவண்டிமேல் ஸ்கூட்டரை விட்டுவிட்டேன். பின்னால் அஷ்வினி. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அவ்வளவு பெரிய வண்டி என் கண்ணில் படவே இல்லை.

வெகுநாளாகவே இருட்டில் எனக்குப் பார்வை இல்லை என்கிறார் டாக்டர். இப்போது ஓரப் பார்வையும் போகிறதாம். நிறுத்த மருந்து கிடையாது. பரம்பரையாக வரக்கூடியது, மகளையும் கூட்டி வாருங்கள் என்றார். எட்டு வயசுப் பிள்ளை. கூட்டிப்போகக் கால் எழவில்லை.

வினிதா

மார்டள்ளி,
17 நவம்பர் 2025

அக்கா,

அன்றைக்குச் சோளக்காட்டில் மேகமே இல்லை. நான் இருபத்துமூன்று எரிகல் எண்ணினேன். ஒன்று பச்சையாக எரிந்துகொண்டு நம் தலைக்கு நேராகப் போனது. நீ கண்ணைத் திறந்துகொண்டே "ஒண்ணும் காணோமே" என்றாய். பயந்துபோய்ப் பொய் எழுதினேன். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணோடு பிள்ளையை வைத்து வண்டி ஓட்டியிருக்கிறாய். திட்டியாவது ஒரு வரி போடு.

குழலி

மைசூரு,
15 டிசம்பர் 2025

குழலி,

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பிள்ளை கண்ணை நாங்களே சோதித்துவிடலாம் என்று, சனிக்கிழமை ராத்திரி அஷ்வினியோடு நஞ்சன்கூடு தாண்டி ஒரு வெட்டவெளிக்குப் போனோம். எரிகல் விழும்போதெல்லாம் என் கையை அழுத்துவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மூன்று முறை அழுத்தினார். பிள்ளை வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உடனே அவள், "அம்மா, நோடு, பாரு! அங்க ஒண்ணு!" என்று கத்தினாள்.

அவர் கை அசையவே இல்லை.

"அழாதம்மா, நிஜமா பார்த்தேன்" என்று என் கன்னத்தைத் துடைக்கிறாள்.

வருகிற திங்கட்கிழமை அவளுக்குப் பரிசோதனை. ஞாயிறே பஸ் ஏறி வந்துவிடு. தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் அக்கா