எலிக்கூட்டில் ஒரு அங்கவஸ்திரம்

வின்னிபெக், ஜனவரி 29

அன்புள்ள ஹேமாவுக்கு,

இங்கே நலம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு வாரமாக கார் ஹீட்டரைப் போட்டாலே கருகல் வாடை. ஒயர் எரிகிறது என்றார் மெக்கானிக். எனக்கென்னவோ முடி பொசுங்குகிற வாடையாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால், ஃபேனுக்குப் பக்கத்தில் எலிக்கூடு. பொங்கலன்று கோயிலுக்குப் போய்வந்து காரிலேயே விட்ட பட்டு அங்கவஸ்திரத்தை எலி கிழித்து மெத்தை போட்டிருக்கிறது. நூலெல்லாம் சூட்டில் பொசுங்கியிருந்தது. சுத்தம் செய்தாகிவிட்டது, பயப்படாதே.

உன் அப்பா தன் கையால் நெய்து, நம் கல்யாணத்தில் எனக்குப் போர்த்தியது அது. "சந்தேகம் வச்சிகினு இருக்காதீங்க மாப்ளே. ஒரு நூல கொளுத்திப் பாருங்க, முடி பொசுங்குற நாத்தம் வந்தா அசல் பட்டு" என்றார். நான் உன்னிடம் நைலான் கலப்பு என்று சிரித்தேன். நீ இரண்டு நாள் பேசவில்லை.

ரசப்பொடி அனுப்பு. கூடவே உன் பழைய துப்பட்டா ஒன்றும் வை. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. எரிந்ததை அப்பாவிடம் சொல்லாதே. அசல் பட்டுதான் என்று நான் ஒப்புக்கொண்டதை மட்டும் சொல். எப்படித் தெரிந்தது என்று கேட்பார். அதை நீயே சமாளி.

உன் தயாளன்