ஒரே ஒரு வளையம்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்க வேண்டும், நீ அனுப்பிய சாமான் பட்ஜெட்டைப் படித்தபிறகு மனசு வரவில்லை. உதிரிபாகக் கடையில் பில் போடுகிறவள் அக்காதானே, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிடுவாள் என்று நினைத்தாயா?

மலைப்பாதையில் ஓடும் நான்கு ஜீப்புகளின் டிஃபரன்ஷியலை, பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியை, பிரித்துக் கட்டப்போகிறாய். டயல் கேஜ் கேட்டாய், நியாயம். பல் இடைவெளியை அளக்காமல் கட்ட முடியாது. டிஃபரன்ஷியலுக்குச் சிவப்பு மூடி நான்கு, ஸ்டிக்கர், உருட்டிக்கொண்டு போகப் பெரிய டூல் பெட்டி. சரி, சின்னப்பிள்ளை ஆசை. ஆனால் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் தண்டில் போடும் நசுங்கு வளையம் ஒன்றே ஒன்றா? நட்டை இறுக்கும்போது ஒருமுறை நசுங்கி உட்காரும், அதோடு அதன் ஆயுசு முடிந்தது. பழையதையே போட்டால் நட்டு தளரும். இறக்கத்தில் பல் சிக்கிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி பள்ளத்தில்தான். ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட இல்லாத சாமான் அது!

பெட்டியைத் தவிர மற்றதை அனுப்பிவிட்டேன். இன்னும் மூன்று வளையம் வேண்டும் என்று எழுது, உடனே வரும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் திட்டு கிடைத்தது, வயிறு நிறைந்தது. நான்கு வண்டியும் கட்டிக் கொடுத்தாயிற்று. பழைய வளையத்தை டீசலில் கழுவினால் பளபளவென்று இருக்கிறது. உள்ளே திறந்து யார் பார்க்கப்போகிறார்கள்? மலைக்கிராமங்களுக்குப் போகும் நர்ஸம்மா தன் ஜீப்பின் சிவப்பு மூடியைப் பார்த்துவிட்டு, "வண்டி புதுசாட்டம் இருக்கே தம்பி!" என்று சந்தோஷமாகப் போனார்.

நீ பயப்படாதே. அந்தப் புது வளையம் அத்தான் வண்டிக்குத்தான். நம்ம ஆளுக்குப் போய்ப் பழசைப் போடுவேனா? பெட்டியை மட்டும் சீக்கிரம் அனுப்பு.

பாசமுள்ள தம்பி

மார்ச் 20

தம்பி,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "இவன் கையால இனி ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எது நல்லது என்று தெரிந்து, அதை எடுத்து எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறாய் பார், அதுதான் தாங்கவில்லை. உன் பாசத்தை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

மற்ற இரண்டு பேரிடமும் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நர்ஸம்மா வண்டியை அத்தானே பிரித்தார். ஸ்பேனர் தேவைப்படவில்லை, நட்டு விரலுக்கே சுழன்றது. புது வளையம் போட்ட எங்கள் ஜீப்பை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். அவர் ஜீப் இப்போது எங்கள் வாசலில் நிற்கிறது, இனி எங்களுடையது.

இத்துடன் மூன்று வளையம் வருகிறது. பெட்டி வராது. முதலில் அந்த இருவர் வண்டியைச் சரிசெய். பிறகு மூன்றாவது வளையத்தோடு இங்கே வா. அக்கா வீடு என்று நினைத்து வராதே. யாரோ ஒருத்தி வண்டிக்கு நீ எப்படி வேலை செய்வாய் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாடிக்கையாளர்