படத்தில் விடுபட்டவை

10-7-79, செவ்வாய்

காலையிலேயே வெயில் ஜாஸ்தி. மலை மேல் மேகம், மழை இல்லை. நேற்று மனைவியோடு பார்த்த சினிமா இன்னும் உறுத்துகிறது. ஒரு வருடம் தொடர்கதையாக வந்த நாவல், இரண்டரை மணி நேரத்தில். நாயகிக்கு நான்கு டூயட். நாவலில் அவள் ஒரு தாலாட்டுக்கூடப் பாடியதில்லை.

காமாட்சிக்கு என்னைவிடக் கோபம். அவளுக்குப் படிக்க வராது. அந்தக் காலத்தில் வாராவாரம் நான்தான் படித்துக் காட்டினேன். "ஸ்டேஷன்ல அண்ணங்காரன் ஓடியாந்து தங்கச்சி கையப் புடிச்சிக்கினு அழுவானே, அது எங்க? அத வுட்டுட்டு இன்னா படம்!" தேரடி வீதி முழுக்கக் கேட்டது.

மாலை, வாசகர் வட்டச் செயலாளர். ஞாயிறன்று நூலகத்தில் பட்டிமன்றம்: படம் நாவலுக்கு நியாயம் செய்ததா? 'இல்லை' அணியில் ஆள் கம்மியாம். "நீங்க பேசியே ஆவணும் சார்." கூட்டம் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறுப்பதற்குள் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

12-7, வியாழன்

விடுபட்டவை: 1. ரயில் நிலையம். 2. அத்தையின் உயில். 3. வெள்ளம். மொத்தம் பதினேழு.

கா.: "ஸ்டேஷன மொதல்ல சொல்லுங்க. நான் முன் வரிசையில இருப்பேன்."

இவ்வளவு கோபப்பட எனக்கு என்ன தகுதி? ஒரு வரி கதை எழுதியதில்லை.

14-7, சனி

பக்க எண் குறிக்க நூலகப் பிரதி எடுத்தேன். ரயில் நிலையத்தில் அண்ணன் இல்லை. இரண்டு முறை தேடினேன். தங்கை தனியாகத்தான் ஏறுகிறாள்.

பிறகு நினைவு வந்தது. அந்த வாரம் பத்திரிகை கடைக்கு வரவில்லை. காமாட்சிக்கும் அவள் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோயிருந்த சமயம். அந்த வாரக் கதையைப் படிக்கச் சொல்லி அழுதுகொண்டே இருந்தாள். பழைய இதழை விரித்துவைத்து, படிப்பதுபோல நானே ஒன்றைச் சொன்னேன். மறுவாரம் திருத்தத் தைரியம் இல்லை. நாளடைவில் நானே நம்பிவிட்டேன். மடையன்.

செயலாளரிடம் பெயரை எடுக்கச் சொன்னேன். "நோட்டீஸ் அடிச்சாச்சு சார், வெளையாடுறீங்களா?"

கா.விடம் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

15-7, ஞாயிறு

புழுக்கம். நூலகத்தில் நல்ல கூட்டம். பட்டியலில் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தேன். முடித்து உட்காரும்போது முன் வரிசையிலிருந்து கா.: "ஏங்க, ஸ்டேஷன வுட்டுட்டீங்களே!"

நடுவர் சிரித்தார். "அம்மா கேக்குறாங்க, சொல்லுங்க."

சொன்னேன். அது நாவலில் இல்லை, இவளுக்காக நான் சேர்த்தது என்று. எதிரணிக்காரர் எழுந்து, "படக்காரராவது கொறச்சாரு. சார் கூட்டிட்டாரே!" ஒரே சிரிப்பு. எங்கள் அணி தோற்றது.

வீடு வரை கா. எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பூட்டைத் திறக்கும்போது, "அப்ப அவன் வரவே இல்லியா?"

"வரலை."

"படத்துல சரியாத்தான் எடுத்துக்கிறான். நீங்க படிச்சதக் கேட்டுத்தானே அப்ப எங்கண்ணனுக்குக் கடுதாசி போடச் சொன்னேன்? அவரு வந்துட்டாரே."

உள்ளே போய் விளக்கைப் போட்டேன். நூலகப் பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மொதப் பக்கத்துலேருந்து படிங்க. இன்னும் எங்கெங்க கைய வெச்சிருக்கீங்கன்னு பார்க்கணும்."

பன்னிரண்டு பக்கம் ஆயிற்று. தொண்டை வறண்டுவிட்டது. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் காட்டச் சொல்கிறாள்.